வெளியே வந்த சில்லு

செல்போனில் ஹெட்போன் துளையை எடுத்ததால்தான், எண்களை ஒலியாக்கும் சிறு வெளிக்கருவியான யூஎஸ்பி டாக் பிறந்தது என்பார்கள். காலக்கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஐபோன் 7 அந்தத் துளையைக் கைவிட்டது 2016-இல். டிராகன்ஃபிளை என்ற விரல் நீள யூஎஸ்பி டாக் 2012-லேயே கடைக்கு வந்துவிட்டது. உண்மையான காரணம் கணினியில் இருந்தது. அதற்குள் செயலி, மின்விசிறி, மின்வழங்கி எல்லாம் நெருங்கிக் கிடக்க, அவற்றின் மின் இரைச்சல் பாட்டின் மெல்லிய இடங்களில் உஸ்ஸென்று கலந்தது. எண்களை ஒலியாக்கும் சில்லை வெளியே கொண்டுவந்ததே அதற்கு மருந்து. 1998-இல் வகுக்கப்பட்ட யூஎஸ்பி ஒலி நெறிமுறை அதற்கு வழி திறந்திருந்தது.

துளை போகாவிட்டால் இத்தனை பேர் வாங்கியிருப்பார்களா? நியாயமான கேள்விதான். பரவியது அதனால், பிறந்தது அதனால் அன்று. நல்ல ஒலிக்காக உழைத்தவர்களின் பங்கை மறப்பது முறையல்ல. துளையில்லாத போனில் ஹெட்போனைச் செருக உதவும், வெறும் வயராகத் தெரியும் ஆப்பிளின் 9 டாலர் அடாப்டருக்குள்ளும் ஒரு டாக் இருக்கிறது.