திருக்கடையூருக்கு ரயில் வந்த அறுபது ஆண்டுகள்

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரை சுமார் 30 கி.மீ. ஓடிய மீட்டர் கேஜ் கிளைப்பாதையில் இருந்தது திருக்கடையூர் ரயில் நிலையம். 1926இல் திறக்கப்பட்ட அப்பாதை 1986இல் மூடப்பட்டது.

காவிரிப் படுகைக்கு ரயில் கடற்கரையிலிருந்துதான் வந்தது. 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே போடப்பட்ட பாதை, மறு ஆண்டே திருச்சிராப்பள்ளியை எட்டியது. அதனால் நலிந்த ஊர் தரங்கம்பாடி. 1620 முதல் டேனிஷ்காரர்கள் வசமிருந்து 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட அத்துறைமுகத்தில் எஞ்சியிருந்த வாணிபமும் ரயில் வசதி பெற்ற நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது.

1870களில் மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை) ரயில் பெற்றது. தஞ்சை ஜில்லா போர்டு நிலவரியோடு சேர்த்து வசூலித்த மேல்வரியைக் கொண்டு, 1894இல் மாயவரம் – முத்துப்பேட்டை பாதையை அமைத்தது. அதிலுள்ள பேரளத்திலிருந்து 1898இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலுக்கு ஒரு கிளை பிரிந்தது. தரங்கம்பாடியோ 1926 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவ்வாண்டு திறந்த பாதை மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு ஆகிய ஊர்களை மாயவரம் சந்திப்போடு இணைத்தது. தென்னிந்திய ரயில்வேயும், 1951 முதல் தெற்கு ரயில்வேயும் அதில் வண்டிகளை இயக்கின. அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றான திருக்கடையூரில், மார்க்கண்டேயனுக்காகச் சிவன் காலனை உதைத்ததாகத் தலபுராணம் கூறும். ஆயுள் வேண்டி இங்கே அறுபது நிறைந்தோர் மணிவிழாவும், எண்பது கடந்தோர் சதாபிஷேகமும் செய்துகொள்வது வழக்கம். அமிர்தகடேசுவரர் – அபிராமி கோயிலுக்கு வந்தவர்கள் மாயவரத்தில் வண்டி மாறினால் ஊருக்கே வந்து இறங்க முடிந்தது.

ஆனால் ரயில் தொட்ட அதே ஊர்களின் வழியாகவே தார்ச்சாலையும் சென்றது. நினைத்த இடத்தில் ஏறி, கடைத்தெருவிலேயே இறங்க வசதியான பேருந்துகள் பெருகியபோது, குறுகிய தூரக் கிளை ரயிலால் அவற்றோடு போட்டியிட இயலவில்லை. மாயவரம் 1982இல் மயிலாடுதுறை எனப் பெயர் மாறிய நான்காம் ஆண்டில், வருவாய் போதாதென்று பாதை மூடப்பட்டது; பின்னர் தண்டவாளங்களும் அகற்றப்பட்டன.

இப்போது ரயிலில் வரும் பக்தர்கள் மயிலாடுதுறையில் இறங்கி, இருபது கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட தூரத்தைப் பேருந்திலோ காரிலோ கடக்கிறார்கள். 1980களில் மூடப்பட்ட பேரளம் – காரைக்கால் பாதை அகலப்பாதையாக மீண்டும் போடப்பட்டுவிட்டது. தரங்கம்பாடிப் பாதையையும் மீட்டு, அதைக் காரைக்கால் வரை நீட்டிக்க வேண்டும் என்ற கோரிக்கை தொடர்ந்து எழுப்பப்படுகிறது.