பச்சையும் மையும்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பேருந்துகளில் ஏறும் மூதாட்டியர் சிலரின் முன்கைகளில் மங்கிய பச்சைக் கோடுகளை இன்றும் நாம் காண்கிறோம். கோலமோ, தேளோ, ஒரு பெயரோ இருக்கும். குத்திய மை என்னவோ கறுப்புத்தான்; தோலுக்கடியில் சென்று அமர்ந்தபின் நீலப்பச்சையாகத் தோன்றுவதால் 'பச்சை குத்துதல்' என்று பெயர் பெற்றது.

அந்த மை எவ்வாறு உருவாயிற்று? சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதி நூலில் அதை எழுதி வைத்திருக்கிறார். மஞ்சள் தூளையும் அகத்திக் கீரையையும் மெல்லிய துணியில் தூவிச் சுருட்டித் திரியாக்குவர். ஆமணக்கெண்ணெய் விளக்கில் அதை எரித்துப் புதுச் சட்டியைக் கவிழ்ப்பர். சட்டியில் படிந்த கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைத்தால் மை ஆயிற்று. ஊர் ஊராகச் சென்ற குறவர் குலப் பெண்டிர், வலி தெரியாதிருக்கப் பாடிக்கொண்டே குத்துவர். கூர்ந்து நோக்கின் அந்த மையில் மறைபொருள் எதுவும் இல்லை. எரித்த கரியை உடல் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது.

கேடு ஊசியில் இருந்தது. சேர்த்துக் கட்டிய அதே ஊசிகள் அடுத்த கைக்கும் சென்றன. வாயில் புண்ணுள்ள ஒருவன் எச்சிலால் ஊசியை நனைத்துக் குத்தியதால் பலருக்கு மேகப்புண் தொற்றியதை அமெரிக்காவின் பிலடெல்பியா மருத்துவர்கள் 1878-இல் பதிவு செய்தனர். பச்சை குத்திய இடத்திலேயே தொழுநோய்த் திட்டுகள் தோன்றுவதைப் பற்றி லோ, சட்டர்ஜி என்னும் இருவர் 1939-இல் நம் நாட்டிலேயே எழுதினர். மெல்போர்ன் நகரில் 1943-இல் பச்சை குத்திக்கொண்ட அமெரிக்கக் கடற்படைவீரர் இருவருக்கும் அவ்வாறே நேர்ந்தது. இது அரிதே, அந்நோய் பரவும் பொதுவழி மூச்சுத் துளிகள்தாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924-இல் தோன்றி, 1955-இல் மைய அரசின் ஆராய்ச்சி நிலையமாக மாறிய தொழுநோய் இல்லத்தை இப்பகுதி மக்கள் நன்கறிவர். டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1940-களில் டாப்சோன் இனத்து மருந்தைக் கையாண்ட இடம் அது.

ஊசி இன்று மாறிவிட்டது. ஒருமுறைக்கு ஓர் ஊசி என்பது நல்ல கடைகளில் வழக்கமாகிவிட்டது. ஆனால், மை புதிராகிவிட்டது! சிவப்புக்கு முற்காலத்தில் சாதிலிங்கம், அதாவது பாதரசம் கலந்த கனிமம், பயன்பட்டது. இன்று செயற்கைச் சாயங்கள் அவ்விடத்தைப் பிடித்துள்ளன. ஒவ்வாமை மிகுதியும் தோன்றுவது சிவப்பு நிறத்தில்தான். குத்திய உடனேயோ, பல ஆண்டுகள் சென்றோ அந்த நிறம் உள்ள இடம் மட்டும் தடித்து அரிக்கும். மையைத் திரும்ப எடுக்க இயலாது. லேசர் கொண்டு உடைத்தாலும் துகள்கள் உடலில் பரவி ஒவ்வாமையை மிகுவிப்பதுண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரி முதல் பச்சை மைகளில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. எதை எரித்து மை செய்தார்கள் என்பதைக் குறத்தியிடம் கேட்டறிய முடிந்தது. கடையில் வாங்கிய குப்பியிடம் யார் கேட்பது?

நம் இல்லங்களில் பச்சை குத்தும் வழக்கம் இல்லை. மார்க்கம் அதைத் தடுத்திருக்கிறது. பெருநாளுக்கு முந்திய இரவில் மருதாணிதான் நம் பெண்மக்களின் அணி. ஆகவே இச்செய்தி நமக்கன்று என்று ஒதுக்கிவிடலாகுமா? ஆகாது. 'கறுப்பு மருதாணி' என்ற பெயரில் சுற்றுலாக் கடற்கரைகளிலும் கல்யாண வீடுகளிலும் உலகெங்கும் வரையப்படுவது இலையின் நிறமே அன்று. மருதாணி இலை செம்மைதான் தரும். சில மணி நேரம் ஊறவும் வேண்டும். ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பற்றினால் அதில் தலைச்சாயத்திலுள்ள பாரா-பினைலீன்டையமின் கலந்திருக்கிறது என்றே கொள்ளவேண்டும். அமெரிக்க அரசு அதைத் தலைமுடிச் சாயத்தில் மட்டும் அனுமதித்திருக்கிறது. தோலில் நேரே பூச அனுமதியில்லை. சூடானின் கார்த்தூம் நகரில் மருதாணியோடு இதைக் கலந்ததால் குழந்தைகள் நஞ்சேறித் துன்புற்றதை மருத்துவர்கள் 1992-இல் வெளியிட்டனர்.

கோடு வரைந்த இடமெல்லாம் சில நாட்களில் கொப்புளிக்கும். ஆறிய பின்னும் அதே வடிவில் தழும்போ வெளிறலோ நிற்கக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை கொண்ட உடல் அதை மறப்பதில்லை. பத்துவயதில் கையில் பூசிக்கொண்டவள், நாற்பதில் நரைக்குச் சாயம் தடவும்போது கண்ணிமை வீங்கி மருத்துவமனைக்கு ஓட நேரிடலாம்.