தறப்பாளுக்கு முன் மண்வெட்டி

வெளியில் தங்கப் பழகும் புதியவர் முதலில் தேடுவது கூடாரம். வன்னியில் அவ்வரிசை தலைகீழானதை வரலாறாகவே பதிந்துவைக்க விரும்புகிறேன்.

2008இல் போர் கிளிநொச்சியை நெருங்கியபோது, மக்கள் கூரைத் தகடுகளையும் கழற்றி உழவு இயந்திரங்களில் ஏற்றிக்கொண்டு கிழக்கே நகர்ந்தனர். ஒவ்வோர் இடப்பெயர்விலும் சுமை குறைந்தது. தறப்பாள், மண்வெட்டி, சமையற்பானை என்பனவே எஞ்சின. போய்ச் சேர்ந்த இடத்தில் முதலில் பதுங்குகுழி, பிறகே கூரை. சாக்குகள் தீர்ந்தபோது சேலைகளை மண்மூட்டைகளாகத் தைத்தனர்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. தப்பியோரில் பெரும்பாலோருக்கு வவுனியா மெனிக் பாமில் கூடாரம் கிடைத்தது. அங்கே குழி வெட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவ்வாண்டு டிசம்பர் வரை, விரும்பியபடி வெளியே சென்றுவரும் உரிமையும் இருக்கவில்லை. முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது.

விரும்பும்போது மடித்துக்கொண்டு வீடு திரும்ப முடிந்தால்தான் அது கூடாரம்.