மூலக்கொத்தளத்தில் ஒரு மாநிலச் சின்னம்

சென்ற கோடை விடுமுறையில் அமெரிக்காவிலிருந்து தாத்தா பாட்டியைக் காண வந்த சிறுமி ஒருத்தி, நம் பங்கின் மறைக்கல்வி வகுப்பில் சில நாள்கள் வந்தமர்ந்தாள். அவள் வாழ்வது மேரிலாந்து மாநிலம். தன் மாநிலத்தின் பறவை, மலர், மரம், கொடி ஆகிய அனைத்தையும் அவள் ஒரே மூச்சில் ஒப்புவித்தாள். இங்கிலாந்து அரசி ஹென்ரியட்டா மரியாவின் பெயரால் அமைந்த மாநிலம் அது. கத்தோலிக்கரான கால்வெர்ட் குடும்பத்தார், தம் விசுவாசத்திற்காக ஒடுக்கப்பட்டோருக்கும் இடமிருக்க வேண்டுமென்று 1634-இல் அங்கே குடியேற்றத்தைத் தொடங்கினர் என்பதை நாம் எடுத்துச் சொன்னபோது, அவளுக்கே அது புதிய செய்தியாயிருந்தது.

நம் பிள்ளைகள் விடுவார்களா? விலங்கு வரையாடு, பறவை மரகதப்புறா, மலர் செங்காந்தள், மரம் பனை, ஆட்டம் கபடி, 2019 முதல் பட்டாம்பூச்சி தமிழ் மறவன் என்று அடுக்கினர். அரசு முத்திரையிலுள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூருடையது என்றான் ஒருவன். (மதுரைக் கோபுரம் என்று வாதிடுவோரும் உளர், அவ்வழக்கை நாம் தீர்க்கப்போவதில்லை.) அப்போதுதான் அச்சிறுமி கேட்டாள்: "எங்கள் மாநிலத்துக்கு ராணியின் பெயரை வைத்தார்கள். தமிழ்நாடு என்ற பெயரை யார் வைத்தது?" வகுப்பு அமைதியாயிற்று. விடையின் ஒரு பகுதி, நடந்து செல்லும் தொலைவிலுள்ள மூலக்கொத்தளம் இடுகாட்டில் உறங்குகிறது என்பதை அவர்களுள் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. குற்றம் பிள்ளைகளுடையதன்று; நாமே அவர்களை அங்கு அழைத்துச் சென்றதில்லை. நம் மக்களை அடக்கம் செய்யக் காசிமேட்டுக் கல்லறைக்குச் செல்லும் வழக்கத்தில், மற்றோர் இடுகாட்டின் வாயிலில் நின்று பார்க்க நமக்குத் தோன்றவில்லை.

கொத்தளம் என்பது கோட்டை மதிலினின்று வெளியே புடைத்து நிற்கும் காவல் அரண். பிரெஞ்சுப் படை 1758-59-இல் சென்னையை முற்றுகையிட்டது. பத்தாண்டுக்குள் ஐதர் அலியின் குதிரைப்படையும் நகரின் எல்லைவரை வந்தது. அஞ்சிய கும்பினியார் கருப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினர். அச்செலவை மக்களிடம் வரியாக வாங்க எண்ணியதன் நினைவே வால்டாக்ஸ் சாலை. அம்மதிலின் மூலையில் நின்ற கொத்தளமே இவ்வூருக்குப் பெயர் தந்தது என்பர். மதில் போயிற்று, இராயபுரத்தை அடுத்த மாடிப் பூங்காவில் அதன் சிறு துண்டு எஞ்சியிருக்கிறது.

1938 ஏப்ரலில், இராஜாஜி தலைமையிலிருந்த சென்னை மாகாண அரசு 125 பள்ளிகளில் இந்துஸ்தானியைக் கட்டாயப் பாடமாக்கியது. ஏழைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பள்ளியே எட்டாதிருந்த நாளில் வந்த ஆணை அது. பள்ளி வாயில்களில் மறியல் தொடங்கிற்று. கைதானோர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் பெண்கள் இருந்தனர், தாயோடு சிறை சென்ற குழந்தைகளும் இருந்தனர். டாக்டர் தருமாம்பாள் அவ்வாண்டு நவம்பரில் சிறை புகுந்தவர். தமிழாசிரியர்க்கும் பிற ஆசிரியர்க்கொத்த ஊதியம் வேண்டுமென்று பின்னாளில் 'இழவு வாரம்' அறிவித்துப் போராடியவரும் அவரே.

சிறை சென்றவர்களுள் நடராசன் சென்னை இளைஞர், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர். மறியலில் கைதாகிச் சிறையில் நோயுற்று, 1939 ஜனவரி 15 அன்று மருத்துவமனையில் இறந்தார். தமிழ்நாடெங்கும் பொங்கல் நாள்கள் அவை. மன்னிப்பு எழுதித் தந்தால் விடுதலை என்றபோது அவர் மறுத்துவிட்டார் என்பது இயக்கத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. இரு மாதங்களுக்குள், கும்பகோணத்திலிருந்து வந்து மறியல் செய்த தாளமுத்துவும் சிறைவாசத்திலேயே இறந்தார். இருவரையும் மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தனர். அவர்களுக்காக உரையாற்றியோருள் முப்பது வயதைத் தொடாத அண்ணாதுரையும் ஒருவர். 1940 பிப்ரவரியில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

பெயருக்கு வருவோம். 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோதும் நம் மாநிலம் சென்னை மாநிலமாகவே இருந்தது. பெயர் மாற்றம் முதலான 12 கோரிக்கைகளுக்காக விருதுநகரில் உண்ணாநோன்பு இருந்த காந்தியர் சங்கரலிங்கனார், 76 நாள்களுக்குப் பின் அக்டோபர் 13 அன்று இறந்தார். உயிரைத் தந்த இறைவனே அதை எடுக்க வேண்டும் என்று போதிக்கும் நாம், சாகும்வரை நோன்பு என்பதை எளிதில் ஏற்க இயலாது. ஆயினும், அந்த முதியவர் முன் நம் சிறு தவக்கால ஒறுத்தல்களை வைத்துப் பார்க்கையில் தலை தாழ்கிறது. 1967 ஜூலை 18 அன்று, இரு கல்லறைகளுக்குரியோர்க்காகப் பேசிய அதே அண்ணாதுரை, முதலமைச்சராகச் சட்டமன்றத்தில் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றி 'தமிழ்நாடு' என மும்முறை முழங்க, அவை 'வாழ்க' என்றது. 1969 ஜனவரி 14 முதல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. இருபது நாள்களில் அவரும் மறைந்தார்.

அமெரிக்காவிலும் இத்தகைய கதை உண்டு. ஹவாய்த் தீவுகளில் 1896-இல் பள்ளிகள் ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்கலாயின. மண்ணின் மொழி வீட்டுத் திண்ணைக்கு ஒதுங்கியது. 1978-இல்தான் அம்மாநிலம் அதை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. அதற்குள் அம்மொழியைப் பேசும் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத்தக்கவராயினர்.

மறுநாள் மாலையே பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். நினைவிடம் புதுப்பிக்கப்பட்டு 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. தருமாம்பாளின் நினைவிடமும் அங்குண்டு. எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகை இருப்பதைப் பேருந்தில் போகும்போது பார்த்திருக்கிறோம் என்றனர் சிலர். அந்தப் பெயர் ஒருவருடையதென்றே எண்ணியிருந்தனராம்.

திரும்பும் வழியில், ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நம் அருகே வந்து மெல்லக் கேட்டான்: "ஃபாதர், மன்னிப்புக் கேட்டிருந்தா அவரு வீட்டுக்குப் போயிருக்கலாம்ல? நீங்கதான எங்கள மன்னிப்புக் கேட்கச் சொல்றீங்க?"

ஒப்புரவு அருட்சாதனத்திற்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்து முதுமை எய்திக்கொண்டிருக்கும் நமக்கு, உடனே விடை வரவில்லை. பாவத்திற்கே மன்னிப்புக் கேட்க வேண்டும், பாவமல்லாததற்குக் கேட்பது பொய்யாகும் என்று பேசின் பாலம் வரை விளக்கிக்கொண்டு நடந்தோம். அவன் சற்று நேரம் பேசாமல் வந்தான். பிறகு, "அவுங்க அம்மா என்ன சொன்னாங்க, ஃபாதர்?" என்றான்.