போர்மேன் ஆசிரியரானபோது: ஒரு பயிற்சி முறையின் பயணம், 1940–1998

'கற்கும் நிறுவனம்' என்ற சொல் மேலாண்மை வட்டாரங்களில் பரவலானது 1990இல் பீட்டர் செங்கேயின் நூல் வந்த பிறகுதான். அந்தப் பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, பட்டறைத் தளத்தில் அதன் நடைமுறை தொடங்கிவிட்டது. குழுக்களில் ஊக்கம் எப்படிப் பிறக்கிறது என்பதைக் கோட்பாட்டு நூல்களைவிட அந்த வரலாறே தெளிவாகக் காட்டுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1940 ஆகஸ்டில், போர்த்தளவாட உற்பத்தியைப் பெருக்க வேண்டிய நெருக்கடியில், தொழிலகங்களுக்குள்ளேயே பயிற்சி தரும் திட்டம் ஒன்றை அமெரிக்க அரசு தொடங்கியது. சானிங் டூலி அதன் இயக்குநர். அனுபவமுள்ள ஆட்கள் போதவில்லை. தொழிற்சாலையையே பார்த்திராதவர்கள் இயந்திரங்களின் முன் வந்து நின்றார்கள். "கூட நின்று பார்த்துப் பழகிக்கொள்" என்ற பழைய வழி இந்த அவசரத்துக்கு உதவவில்லை. எனவே புதியவர்களை விட்டுவிட்டு, அவர்களை மேய்க்கும் போர்மேன்களைப் பயிற்றுவிப்பதென்று திட்டக்காரர்கள் முடிவு செய்தார்கள். வேலையைக் கற்பிப்பது, வேலைமுறையைச் சீராக்குவது, ஆட்களோடு பழகுவது என மூன்று பாடங்கள். ஒவ்வொன்றும் பத்து மணி நேரம்.

கற்பித்தல் பாடத்துக்கு வேர், முதல் உலகப்போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தளங்களுக்காகச் சார்ல்ஸ் ஆலன் வகுத்த நான்கு படிகள். புதிய பாடத்தில் அவை இப்படி அமைந்தன: முதலில் கற்பவரைத் தயார் செய்ய வேண்டும். பிறகு வேலையைச் செய்துகாட்ட வேண்டும். அடுத்து அவரையே செய்யவைக்க வேண்டும். பின்னர் தொடர்ந்து கவனிக்க வேண்டும். மூன்றாம் படியில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு செயலை ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று கற்பவரே தன் வாயால் விளக்கியாக வேண்டும். அவர் தடுமாறினால் குறை கற்பித்தவருடையது. பட்டறைப் படிநிலையில் இது சிறிய மாற்றமல்ல. அதட்டும் அதிகாரம் வைத்திருந்த போர்மேனின் தோளில் விளக்கம் சொல்லும் பொறுப்பு ஏறியது.

1945க்குள் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் பெற்றிருந்தார்கள். போர் முடிந்ததும் திட்டத்தையும் மூடிவிட்டார்கள். போட்டியில்லாச் சந்தை கையில் இருந்ததால், அமெரிக்க நிறுவனங்கள் அதைப் பெரிதாகத் தேடவும் இல்லை.

தேடியவர்கள் தோற்றவர்கள். நேச நாடுகளின் ஆதிக்கக் காலத்தில் இப்பாடங்கள் ஜப்பானுக்குப் போயின. 1951வாக்கில் டொயோட்டா அவற்றை ஏற்றது. தொழிலாளர் யோசனைத் திட்டத்தை அந்நிறுவனம் தொடங்கியதும் 1951இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு அந்நிறுவனத்தின் எய்ஜி டொயோடா ஃபோர்டு ஆலையில் பார்த்துவந்த ஏற்பாடு அது. 1950இல் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானில் தந்த புள்ளியியல் விரிவுரைகளைப் பொறியாளர்களும் மேலாளர்களும் கேட்டார்கள். தளத்துத் தொழிலாளரிடம் அந்தப் பாடங்களைக் கொண்டுசேர்க்கும் வேலையைக் கவோரு இஷிகாவா முதலானோர் மேற்கொண்டார்கள். 1962 ஏப்ரலில் போர்மேன்களுக்கென ஒரு இதழ் வெளிவந்தது. அதைக் கூடிப் படிப்பதற்காக உருவான குழுக்களே தர வட்டங்கள். தரம் உயர்த்தும் அமைப்பு ஒரு வாசிப்பு வட்டமாகப் பிறந்தது என்பதை மேலாண்மை நூல்கள் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை.

1974இல் லாக்ஹீட் நிறுவனத்தின் வழியாக வட்டங்கள் அமெரிக்காவுக்குள் நுழைந்து, 1980களின் தொடக்கத்தில் பெரும் மோகமாகிச் சில ஆண்டுகளிலேயே தளர்ந்தன. 1985இல் எட்வர்ட் லாலரும் சூசன் மோர்மனும் அந்தத் தளர்வை ஆராய்ந்து எழுதினார்கள். வட்டம் யோசனை சொல்லலாம். முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கில்லை. இடைநிலை மேலாளர்கள் அதைத் தலைவலியாகவே பார்த்தார்கள். கூட்டம் கூடியது, போர்மேன் மாறவில்லை என்று இதைச் சுருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1982இல் மூடிய ஃபிரிமான்ட் ஆலை நேர்மாறான சாட்சி. 1984இல் டொயோட்டாவுடன் கூட்டாக அதே ஆலையைத் திறந்தபோது ஆட்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்களே. குழுத்தலைவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்றுவித்தார்கள். வேலைக்கு வராமை வெகுவாகக் குறைந்தது, தரம் உயர்ந்தது.

இந்தியாவின் முதல் தர வட்டம் 1980இல் ஹைதராபாத் அருகே ராமச்சந்திரபுரத்தில் பெல் (பி.எச்.இ.எல்.) நிறுவனத்தில் அமைந்தது. சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அது முதல்முறை. 2002இல் டி.வி.எஸ். மோட்டாரும் அதைப் பெற்றது. ஒரே குழுமத்தின் நிறுவனங்கள் அடுத்தடுத்துப் பரிசு வாங்கியதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

இம்முறைக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. கற்பித்த ஆள் ஆலையில் நிலைக்க வேண்டும். டொயோட்டாவின் பெரிய ஆலைகளில் நீண்டகால வேலை உறுதி அதைத் தாங்கியது. இன்று இந்தியாவின் அமைப்புசார் ஆலைத் தொழிலாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக்காரர் வழி வருபவர்கள். நிரந்தர ஊழியர்களின் வட்டத்தில் அவர்கள் பொதுவாக உட்காருவதில்லை. ஒப்பந்தம் முடிந்து அவர்கள் கிளம்பும்போது நான்காம் படியான தொடர்ந்த கவனிப்பும் அங்கேயே அறுந்துபோகிறது.