மின்கம்பியில் வந்த இணையமும் சிற்றலை வானொலியும்

வீட்டுக்கு வீடு மின்கம்பி ஏற்கெனவே இருக்கிறது. அதிலேயே இணையத்தையும் அனுப்பிவிட்டால் புதிதாகக் கேபிள் பதிக்க வேண்டாமே! பி.பி.எல் என்ற தொழில்நுட்பத்தின் அடிப்படை இவ்வளவுதான்.

சிக்கல் கம்பியில் இருந்தது. 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காகப் போட்ட கம்பி அது. தொலைக்காட்சிக் கேபிளுக்கு இருப்பது போன்ற உலோக உறை அதற்குக் கிடையாது. அமெரிக்காவில் இணையத் தரவுக்கு அதில் அனுமதிக்கப்பட்டதோ சுமார் 1.7 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை. சிற்றலை வானொலி இயங்கும் 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது. விளைவு, தெருக்கம்பியே நீண்ட ஆன்டெனாவாக மாறி இரைச்சலைப் பரப்பியது. கண்டம் கடந்து வரும் மெல்லிய குரல் அதில் மூழ்கிப்போனது.

இந்த அனுமதியை அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எப்.சி.சி 2004 அக்டோபரில் விதியாக்கியது. ஹாம் வானொலியாளர்களின் சங்கமான ஏ.ஆர்.ஆர்.எல் நீதிமன்றம் சென்றது. 2008 ஏப்ரலில் வந்த தீர்ப்புதான் சுவாரசியமானது. ஆணையம் தான் ஆதாரமாகக் கொண்ட ஆய்வுகளின் சில பகுதிகளை மறைத்தே வெளியிட்டிருந்தது; அது தவறு என்றது நீதிமன்றம். கம்பியிலிருந்து தூரம் கூடக்கூட இரைச்சல் எவ்வளவு குறையும் என்று போட்ட கணக்குக்கும் போதிய விளக்கம் இல்லை என்றது. (ஹாம்காரர்கள் கேட்டதும் அந்தக் கணக்கைத்தான்!)

வர்ஜீனியாவின் மனாசஸ் நகரம் 2005-ல் ஊர் முழுக்க இந்தச் சேவையைத் தந்து பெயர் பெற்றது. சில நூறு வாடிக்கையாளர்களே மிஞ்சி நஷ்டமாகிவிட, 2010-ல் நகராட்சியே அதை மூடியது. ஆணையமோ 2011 அக்டோபரில் சிறு திருத்தங்களோடு பழைய விதிகளையே மீண்டும் உறுதி செய்தது.