உப்பு போட்டுப் பல் தேய்த்த ஜவுளிக் கடைக்காரர்

காலையில் பல் தேய்த்துத் துப்பும்போது வாஷ்பேசினில் லேசாகச் சிவப்பு தெரிகிறதா? உடனே நமக்கு ஞாபகம் வருவது டாக்டர் அல்ல, பாட்டி. 'உப்பை வெந்நீர்ல போட்டுக் கொப்பளி, சரியாப் போயிடும்!'

போயிடுமா? சுமார் 340 வருடங்களுக்கு முன்பே ஒருவர் இந்த மாதிரி விஷயங்களைத் தன் வாயிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார். வைத்தியர்கூட இல்லை, ஜவுளி வியாபாரி!

ஹாலந்தில் டெல்ஃப்ட் நகரத்துக்காரர். பெயர் ஆன்டன் வான் லீவன்ஹூக். பெரிய படிப்பு கிடையாது, லத்தீன் தெரியாது. ஆனால், அரிசி மணியைவிடச் சின்ன லென்ஸை உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்து உருவாக்குவதில் மன்னன். (பி.காம். படித்துவிட்டு இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு அவர் மேல் தனிப் பாசம் உண்டு!)

1683 செப்டம்பர் 17-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதிய கடிதம் இப்படிப் போகிறது: தினமும் உப்பால் பல் தேய்க்கிறேன். சாப்பிட்ட பிறகு குச்சியால் குத்தி, துணியால் அழுத்தித் துடைக்கிறேன். எவ்வளவு கரடுமுரடான உப்பாக இருந்தாலும் என் ஈறில் ரத்தம் வராது. அப்போது அவருக்கு வயது 50. பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

அப்படியும் பல்லிடுக்கில் மாவு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. எடுத்து மழைத் தண்ணீரில் கலந்து லென்ஸ் வழியே பார்த்தால்... குட்டிக் குட்டி ஜந்துக்கள், துள்ளி ஓடுகின்றன! மனித வாயின் பாக்டீரியாவை முதன்முதலாகப் பார்த்த கண்கள் அவருடையவை. வாழ்நாளில் வாயே கழுவாத கிழவர் ஒருவரையும் தேடிப் பிடித்துப் பார்த்தார். அங்கே திருவிழாக் கூட்டம்.

மனிதர் அத்தோடு விடவில்லை. காட்டமான வினிகரை ஊற்றி நன்றாக வாய் கொப்பளித்தார். பல்லைச் சுரண்டிப் பார்த்தால் ஜந்துக்கள் சௌக்கியமாக இருக்கின்றன. அதே அழுக்கை வெளியே தண்ணீரில் கரைத்து வினிகர் விட்டார். உடனே காலி! அவர் போட்ட கணக்கு எளிமையானது: வினிகர் மேலே இருந்ததைத்தான் கொன்றது. அழுக்கின் உள்ளே போகவில்லை.

ஈறு நோயின் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. பல்லில் படியும் அந்த மெல்லிய படலம் கிருமிகளுக்குக் கோட்டைச் சுவர். 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பேராசிரியரும் அவர் குழுவும் 12 பேரைப் பல் தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றே வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிவிட்டது. மறுபடி தேய்க்க ஆரம்பித்ததும், ஒரு வாரம் போல ஆனது, ஈறு பழையபடி ஆகிவிட்டது.

அப்போ பாட்டி? உப்புத் தண்ணீர் வீக்கத்துக்கு இதம். கிராம்பு வலியைக் கொஞ்சம் மரக்கடிக்கும். வேலங்குச்சியைக் கடித்துத் தேய்த்தார்களே, அதில் தேய்த்ததுதான் பாதி வைத்தியம். ஆனால், படலம் இறுகிக் காரையாகிவிட்டால் எந்தக் கொப்பளிப்பும் அதைக் கரைக்காது. பல் டாக்டர் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வெறுமனே கொப்பளித்துக்கொண்டே இருந்தால், உள்ளே எலும்பு சத்தமில்லாமல் கரையும். வலிக்காது, அதுதான் ஆபத்து. ஒருநாள் பல் ஆடும்போதுதான் தெரியும்.

லீவன்ஹூக் 1692-ல் மறுபடி தன் பல்லைச் சுரண்டினார். முன்பல்லில் ஜந்துக்களைக் காணோம்! தினமும் குடிக்கிற கொதிக்கும் காபி கொன்றிருக்கும் என்று சந்தேகப்பட்டார். காபி படாத கடைவாய்ப் பல்லின் பின்னால் சுரண்டிப் பார்த்தார். அங்கே எல்லாம் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தன.